"ரெண்டு நாள் பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள்: நாய் வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் நாங்கள் வாக்கிங் போகும் பூங்காவுக்கு வெளியே காலை ஆறு மணிக்கு ஒரு டஜன் நாய்கள் சேர்ந்துவிடும். லேப்ரடார் நாலைந்து, ஒரு பக், வயதான ஒரு ராஜபாளையம், தெருவிலிருந்து எடுத்து வளர்த்தவை மூன்று, அப்புறம் எங்கள் செவலை. செவலை சிப்பிப்பாறைக் கலப்பு. நாய்கள் ஒன்றையொன்று மோந்து பார்க்கும் நேரத்தில் நாங்கள் பேசிக்கொள்வதில் பாதி வைத்தியம்தான். "எங்க டாமிக்கும் இப்படித்தான் இருந்துச்சு, தயிர் சாதம் குடுங்க, ரெண்டு நாள்ல சரியாயிரும்." நல்ல மனதோடுதான் சொல்வார்கள். பல நேரம் சரியாகவும் போய்விடும். அதனால்தான் அந்தப் பேச்சை நம்புகிறோம். ஆனால் சரியாகாமல் போன நாயின் கதை பூங்காவுக்கு வருவதில்லை. அந்த வீட்டுக்காரர் வாக்கிங் வருவதையே நிறுத்திவிடுகிறார்.

நாய் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள் பலவற்றுக்கும் அடியில் இந்தக் காத்திருப்புதான் இருக்கிறது என்பது பதினோரு வருடம் நாய் வளர்த்ததில் எனக்குப் பட்டது. காத்திருக்கலாமா, கூடாதா என்று தெரிந்துகொள்ளச் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

உண்ணி

மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசியில் செவலை ஒரு நாள் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. மாலையில் கொஞ்சம் சாப்பிட்டான். மறுநாள் வாசற்படி ஏற யோசித்தான். "உண்ணிக் காய்ச்சலா இருக்குமோ" என்று பூங்காவில் ஒரு அக்கா கேட்டார். உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தோம், ஓர் உண்ணிகூட இல்லை. "அப்ப அது இல்ல, மழைக்குச் சுணங்கிருப்பான், ரெண்டு நாள் பாருங்க" என்றார்கள். மூன்றாம் நாள் டைல்ஸ் தரையில் ரத்தச் சொட்டு. மூக்கிலிருந்து வந்திருக்கிறது. டாக்டர் அவன் மேலுதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டியது வெளிறிப்போய், குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகளோடு இருந்தது. ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 34,000. நாய்க்கு அது 2 லட்சத்துக்குக் குறையக் கூடாது.

உண்ணி இல்லாததால் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று முடிவு செய்ததுதான் நாங்கள் செய்த தவறு. இந்தக் காய்ச்சலை உண்டாக்கும் எர்லிக்கியா என்ற கிருமியை உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே நாயின் ரத்தத்துக்குள் விட்டுவிடும். நோய் வெளியே தெரிய ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். அதற்குள் அந்த உண்ணி ரத்தம் குடித்து முடித்து, தானாக விழுந்து போயிருக்கும். அதனால் டாக்டர் கேட்கும்போது இன்றைக்கு உண்ணி இருக்கிறதா என்று மட்டும் யோசிக்காமல், போன மாதம் எடுத்தோமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் இப்போது உண்ணி எடுத்த தேதியைச் சமையலறை காலண்டரில் குறித்துவைக்கிறேன்.

அடுத்தது, உண்ணியை நாய் மேல் மட்டும் தேடுவது. நம் ஊர் நாய் உண்ணி முட்டை போடுவது நாயின் மேல் இல்லை. வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலோ கதவு நிலையின் இடுக்கிலோ நாய் படுக்கும் சாக்குக்கு அடியிலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பொரிந்து வரும் குஞ்சு ஒவ்வொரு வளர்ச்சிப் பருவத்திலும் நாயின் மேல் ஏறி ரத்தம் குடித்து, விழுந்து, தோல் உரித்து, மறுபடி ஏறும். நம் வெயிலுக்கு இரண்டு மாதத்திலேயே ஒரு சுற்று முடிந்துவிடும். பெரிய உண்ணிகள் சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் சுவருக்குள் காத்திருக்கும். நாயைக் குளிப்பாட்டிய பத்தாம் நாள் மறுபடி உண்ணி வந்தால் பலரும் ஷாம்புவைக் குறை சொல்கிறார்கள். பார்க்க வேண்டியது சுவரை. வெடிப்புகளைச் சிமென்ட் வைத்து அடைப்பது, படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பது, நாய்க்கு டாக்டர் சொல்லும் மாத்திரையோ கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ மாதம் தவறாமல் கொடுப்பது, இந்த மூன்றும் சேர்ந்து நடந்தால்தான் குறையும்.

மண்ணெண்ணெய், பினாயில், மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்து, இவற்றை நாயின் மேல் தடவாதீர்கள். தோல் வெந்துவிடும். அதை நக்கி உள்ளே இறக்கினால் இன்னும் மோசம். மாட்டு மருந்தில் கலவை கொஞ்சம் கூடிப்போனதால் நடுக்கம் வந்து விழுந்த ஒரு நாயை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் பூனையும் இருந்தால் மருந்து வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

இன்னொன்று, மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது. உண்ணிக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் எழுதித் தருவது டாக்ஸிசைக்ளின், சுமார் 28 நாள். மூன்றாம் நாளே நாய் வாலாட்டிச் சாப்பிட ஆரம்பித்துவிடும். பத்தாம் நாள் மாத்திரை அட்டை அலமாரிக்குப் போய்விடும். கிருமி உள்ளேயே தங்கி, மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும்போது வைத்தியம் மிகக் கடினம். பாலில் கரைத்து ஊற்றுவதும் வேண்டாம், பால் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுங்கள். டெங்கு வந்தபோது பழகியதால் பப்பாளி இலைச் சாறு கொடுக்கிறவர்களும் உண்டு. டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அதைக் கொடுக்கிறோம் என்பதற்காக மாத்திரையை விட்டுவிடாதீர்கள், அந்தச் சாறு கிருமியைக் கொல்லாது.

நம் வீட்டு மாத்திரைப் பெட்டி

மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பது நம்பக்கூடிய கணக்கு இல்லை. நாய்க்கு இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நாம் தொட்டுப் பார்த்தால் எப்போதும் சுடும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் தனியாக வாங்கி, முனையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 103-ஐத் தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டும், காய்ச்சல் மாத்திரை தேடக் கூடாது. மனிதர்களுக்கான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். தட்டணு குறைந்த நாய்க்கு இவற்றைக் கொடுத்தால் ரத்தக் கசிவு இன்னும் கூடும். செவலை படுத்த அந்த இரண்டு நாளில் என் கையிலும் ஒரு மாத்திரை இருந்தது. என் அம்மா தடுத்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் பதறுகிறது.

பெட்டை நாய் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, வாந்தி எடுத்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். வெளியே சீழ் வடியாமலும் இருக்கும். அன்றைக்கே போக வேண்டிய நோய் இது.

குட்டி வந்த முதல் நாலு மாதம்

முப்பது நாள் குட்டியைத் தூக்கிவந்து கையில் கொடுக்கிறார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசு விதிகளே சொல்கின்றன. எடுக்காதீர்கள். தாயோடும் கூடப் பிறந்த குட்டிகளோடும் கடித்து விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று ஒரு குட்டி கற்றுக்கொள்கிறது.

"ஒரு ஊசி போட்டாச்சு" என்று சொல்லிக் குட்டியைப் பூங்காவுக்குக் கொண்டுவருகிறவர்களை எப்படித் தடுப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில் வரும். இந்தச் சுற்று முடியும்வரை மற்ற நாய்கள் மலம் கழிக்கும் தரையில் குட்டியின் பாதம் படக் கூடாது. உலகத்தைக் காட்ட வேண்டும்தான், தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த குட்டி முதலில் சாப்பாட்டை ஒதுக்கும், அப்புறம் வாந்தி, பிறகு ரத்தத்தோடு கழிச்சல். அந்த வீச்சத்தை ஒருமுறை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இளநீர், மோர் என்று வீட்டில் வைத்துப் பார்க்கும் ஒரு ராத்திரியிலேயே குட்டி வற்றிவிடும். குட்டி இறந்துபோன துக்கத்தில் அடுத்த வாரமே இன்னொரு குட்டியைக் கொண்டுவருவதும் நடக்கிறது. அந்தக் கிருமி வீட்டிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்குச் சாகாது. தரையை நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண் தரையை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. தடுப்பூசி முழுதும் போட்ட வளர்ந்த நாயாக எடுப்பதுதான் அந்த வீட்டுக்கு நல்லது.

சாப்பாடும் வெயிலும்

பிரியாணி மிச்சத்தில் வெங்காயமும் பூண்டும் இருக்கிறது, அது நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். கேசரியிலும் பாயசத்திலும் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. வேகவைத்த எலும்பு ஊசியாகப் பிளந்து குடலில் குத்தும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வெந்த கோழிக்கறி, சோறு, கொஞ்சம் பூசணி, அவ்வளவு போதும். வெறும் பால்சோறு மட்டும் வருடக்கணக்கில் போட்டால் புரதம் போதாமல் முடி கொட்டி மெலிந்துவிடும்.

கத்திரி வெயிலில் நாயைக் கூட்டிப்போகும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாத இடத்தில் அதன் பாதமும் வேண்டாம். நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கு அதுவும் சரியாக வராது. தள்ளாடி, நாக்கு கருஞ்சிவப்பாகி விழுந்தால் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றிக் காற்றாடிக்கு அடியில் வையுங்கள், ஊற்றிக்கொண்டே டாக்டரிடம் கிளம்புங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடக் கூடாது, சூடு உள்ளேயே தங்கிவிடும்.

கடித்தால்

"நம்ம வீட்டு நாய்தானே, பல்லு லேசா பட்டுச்சு" என்று விடாதீர்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்க வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவினால்தான் பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். பிறகு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். நாய்க்கு வருடாந்திர ஊசி போட்ட அட்டையைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள், ஊசி வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். வெறிநோய் அறிகுறி தொடங்கிய பின் வைத்தியம் இல்லை.

போன வாரம் பூங்காவில் ஒரு லேப்ரடார் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. சாப்பாடு நேற்றிலிருந்து பாதிதான் என்றார் அதை வளர்க்கும் தம்பி. உதட்டைத் தூக்கி ஈறில் விரலால் அழுத்தி எடுத்தேன். வெளுத்த இடத்தில் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும், நான் நான்கு எண்ணியும் வரவில்லை. ராஜபாளையத்துக்காரர் ஆட்டோ பிடித்தார், இன்னொருவர் கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்தார். எட்டு மணிக்கெல்லாம் ரத்தம் எடுத்தாயிற்று. உண்ணிக் காய்ச்சல்தான். இன்று ஏழாம் நாள், மாத்திரை இன்னும் 21 நாளைக்குப் பாக்கி இருக்கிறது.