தொண்டையில் இரண்டு விரல்

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளரும் பிள்ளைகள் நிறைய. 'ஐயோ பாவம்' என்பதற்கும், நடனத்தில் காட்டும் 'பாவம்' என்பதற்கும் தமிழில் ஒரே ப. மலையாளத்தில் இரண்டு தனி எழுத்துகள். எதை எங்கே போடுவது என்று பிள்ளை திணறினால் திட்டாதீர்கள், காதை மட்டும் நம்பச் சொல்லாதீர்கள். விரலை நம்பச் சொல்லுங்கள்.

குரல்வளை மேல் இரண்டு விரல் வைத்து, மெதுவாக 'தப்பி' என்று சொல்லட்டும். உதடு மூடியிருக்கும் அந்த நொடியில் அதிர்வு நின்றுவிடும். அடுத்து 'தம்பி'. இப்போது உதடு மூடியிருந்தாலும் தொண்டை அதிர்ந்துகொண்டே இருக்கும். எழுத்து ஒன்றுதான், ஒலி இரண்டு. ஒலியியலின் முதல் பாடமே இதுதான்: அதிராத ஒலி, அதிரும் ஒலி. மலையாளத்தில் 'ஐயோ பாவம்' அதிராத எழுத்தில் தொடங்கும், நடனத்துப் 'பாவம்' அதிரும் எழுத்தில். கிசுகிசுப்பாகச் சொன்னால் இது தெரியாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அப்புறம், ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டருகே பிடியுங்கள். நம் 'பல்' சொன்னால் அவ்வளவாக அசையாது. ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர் 'பென்' என்றால் படபடக்கும். மூச்சு கூடச் சேர்ந்த ஒலி அது.

எனக்கு மிகவும் பிடித்தது ந, ன விஷயம். நாம் இரண்டு எழுத்து வைத்துக்கொண்டு பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கிறோம். மலையாளிகள் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு இரண்டாக ஒலிக்கிறார்கள். அவர்களுடைய 'என்னால்', நாக்கு பல்லைத் தொட்டால் 'என்றால்'. ஈறுக்கு ஏறினால் நம் 'என்னால்' தான். பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.