மோர்ட்டா பைப்: மணல் வீசும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

கும்பகோணத்தில் எங்கள் கடைசல் பட்டறைக்குப் போன மாதம் ஒரு தம்பி வந்தான். கையில் மோர்ட்டா கட்டையில் அவனே செய்த, புகையிலை பிடிக்கும் கறுப்புப் பைப் ஒன்று. "அண்ணே, ரேகை தெரியணும்னு சாண்ட் பிளாஸ்ட் போட்டேன். இந்தப் பக்கம் வரிவரியா நல்லா வந்திருக்கு. அந்தப் பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கு. மணல் சரியில்லையோ?" என்றான்.

சாண்ட் பிளாஸ்ட் என்றால் அழுத்தக் காற்றில் மணலை வீசி மரத்தின்மேல் அடிப்பது. இங்கே மணல்மேல் குற்றமில்லை. கட்டையை எந்தப் பக்கம் வைத்து அறுத்தான் என்பதில்தான் கோளாறு. மணல் புதிதாக ரேகை போடாது. ஏற்கெனவே உள்ளே இருப்பதைத்தான் வெளியே கொண்டுவரும்.

மோர்ட்டா என்றால் சதுப்பு நிலத்தில் புதைந்து கிடந்த ஓக் மரம். பிரான்ஸில் பிரியேர் என்ற பெரிய சதுப்பு நிலத்தில் கிடைப்பது பேர்போனது. காற்றுப் புகாத சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்ததால் மட்காமல் தப்பிய மரம் அது. 5000 ஆண்டு பழைய கட்டைகூடக் கிடைக்கிறது. ஓக்கில் துவர்ப்புச் சத்து அதிகம். சேற்று நீரில் இருக்கும் இரும்பு அதோடு சேர்ந்துதான் இந்தக் கறுப்பு. நம் சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலம்காரியிலும் இதே சங்கதிதான்: கடுக்காய் ஏறிய துணியில் இரும்பும் வெல்லமும் ஊறிய நீர் பட்டதும் கோடு கறுக்கும். ஆகவே மோர்ட்டாவுக்கு மேலே கறுப்புச் சாயம் பூசுவது வீண்வேலை. சாயம் பள்ளங்களில் தேங்கிவிட்டால், கட்டையின் பழுப்புக்கும் கறுப்புக்கும் நடுவிலுள்ள அழகான வேறுபாடு மறைந்துவிடும்.

இப்போது அந்தத் தம்பியின் கட்டைக்கு வருவோம். பைப் செய்பவர்கள் வழக்கமாகக் கையாளுவது பிரையர். அது மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி ஒன்றின் வேர்க்கட்டி. மோர்ட்டா அப்படியில்லை, அது அடிமரம். ஆண்டு வளையங்கள் அடுக்கடுக்காக இருக்கும். வசந்தத்தில் வளர்ந்த அடுக்கில் பெரிய துளைகள், அது மெத்து. கோடையில் வளர்ந்தது நெருக்கம், அது கெட்டி. மணல் மெத்தான அடுக்கைத் தின்றுவிட, கெட்டியான அடுக்கு வரப்பு மாதிரி எழுந்து நிற்கும். பிரையரில் பழகிய கண்ணோடு மோர்ட்டாவை அறுப்பதுதான் முதல் தவறு.

ஒரு வாழைமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருக்கும். வெளிப்பட்டையிலிருந்து நடுத்தண்டை நோக்கி ஒரு குழாயைக் குத்தி எடுத்தால், குழாய்க்குள் வருவது வில்லை வில்லையாக அடுக்கிய துண்டு. பைப்பின் கிண்ணமும் அப்படித்தான் வர வேண்டும். புகையிலைக் குழியின் துளை மரத்தின் வெளிப்பக்கத்திலிருந்து நடுவை நோக்கிப் போனால், கிண்ணத்தைச் சுற்றிலும் வளையம் வளையமாக வரி ஓடும். துளை வளையங்களுக்கு இணையாகப் போய்விட்டால் இரண்டு பக்கம் செங்குத்துக் கோடு விழும், மற்ற இரண்டு பக்கம் அடுக்கின் முகம் மட்டும் திட்டுத்திட்டாகத் தெரியும். தம்பி கேட்ட அம்மைத் தழும்பு அதுதான்.

பைப்பின் கழுத்து, அதாவது கிண்ணத்தையும் வாயில் வைக்கும் குழலையும் இணைக்கும் தண்டு, மரத்தின் நீளவாக்கிலேயே போக வேண்டும். நார் குறுக்கே ஓடினால், வாய்க்குழலைத் திருகிக் கழற்றும்போது ஒருநாள் கழுத்து முறிந்துவிடும். இந்த இரண்டையும் அறுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். கட்டையின் வெட்டுமுகத்தை உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்து, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வளையங்கள் எந்தப் பக்கம் வளைகின்றன என்று பளிச்சென்று தெரியும். அங்கேயே சுண்ணாம்புக் கட்டியால் அம்புக்குறி போட்டுவிடுவேன். நானும் அதைப் போடாமல் இரண்டு நல்ல கட்டைகளை வீணாக்கியிருக்கிறேன்.

அவசரமாகக் காயவைப்பது இன்னொரு தவறு. சதுப்பிலிருந்து எடுத்த மரம் தண்ணீர் குடித்துக் கிடக்கும். வெயிலில் போட்டால் நெல் காயும், மோர்ட்டா வெடிக்கும். நிழலில், வெட்டுமுகத்தில் மெழுகு பூசி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைபவர்கள் பழைய வீடுகளிலிருந்து பிரித்த ஆச்சா மரத்தைத் தேடிப் போவது எதற்காக? ஆடி அடங்கிய மரம்தான் கடைந்த பிறகு கோணாது.

அடுத்தது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். நம் ஊரில் மணல் என்றதும் காவிரியும் கொள்ளிடமும் கண்ணில் வரும். ஆற்று மணலைச் சலித்து கம்ப்ரசரில் போட்டுவிடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். ஆற்று மணலில் பெரும்பகுதி படிகக்கல். அது மரத்தில் மோதி உடைந்ததும் கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலில் தங்கும். அதனால் வரும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. கண்ணாடி மணிகளோ அலுமினியம் ஆக்ஸைடு தூளோ வாங்குங்கள். மூடிய பெட்டிக்குள் கைவிட்டு வேலை செய்யுங்கள், தூசியை வெளியே இழுக்கும் வசதியும் இருக்க வேண்டும். மரத்தூளே புற்றுநோய் தரக்கூடியது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்பது சரியில்லை. புகையிலையின் கேடு தனி. நான் இங்கே பேசுவது மரவேலையை மட்டும்.

வாசல் கதவுக் கண்ணாடியில் குத்துவிளக்கு, மயில் எல்லாம் போடும் கடையில் கொடுத்து வாங்கிவரலாம் என்று சிலர் போகிறார்கள். அங்கே கண்ணாடிக்கு வைத்த அதே வேகத்தில் நேருக்கு நேராக அடித்துவிடுவார்கள், கெட்டி அடுக்கும் சேர்ந்து கரைந்து மொழுமொழுவென்று ஆகிவிடும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, முனையை ஒரே இடத்தில் நிறுத்தாமல், அடிக்கடி ஊதிப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்ப்ரசர் காற்றிலேயே தண்ணீர் வரும். தூள் கட்டிகட்டியாகி முனை அடைத்துக்கொள்ளும். நீர் பிரிக்கும் வடிகட்டி இல்லாமல் அந்த மாதங்களில் நான் இயந்திரத்தைத் தொடுவதில்லை.

"எப்படியும் மணல் அடிக்கப்போகிறோம், எதற்குத் தேய்க்கணும்?" என்று விட்டுவிடுவதும் உண்டு. அரம் போட்ட கீறல் மணலில் மறையாது, ரேகைக்குக் குறுக்கே வடுவாக நிற்கும். கழுத்தின் முகத்தில் வாய்க்குழல் வந்து உட்காரும் இடத்தையும், கிண்ணத்தின் விளிம்பையும், காற்றுத் துளையையும் அடைத்து மூட மறக்காதீர்கள். அந்த முகத்தில் தலைமுடி அளவு தேய்ந்தாலும் வாய்க்குழலுக்கும் கழுத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். ஆழமாக அடித்தால் 1 மில்லிமீட்டருக்கு மேலும் மரம் போய்விடும். கிண்ணத்தின் சுவரைக் கூடுதல் கனமாக விட்டுக் கடையுங்கள்.

கடைசியில் பளபளப்புக்காக வார்னிஷ் ஊற்றினால் இவ்வளவு பாடுபட்டு எடுத்த பள்ளம் எல்லாம் நிரம்பிவிடும். கெட்டி மெழுகைத் துணிச் சக்கரத்தில் ஏற்றித் தேய்த்தாலும் பள்ளத்தில் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொள்ளும். அந்தத் தம்பியின் பைப்பிலும் அப்பியிருந்தது. பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றை எடுத்து, ரேகை ஓடும் பக்கமாகவே பத்து நிமிடம் தேய்த்துக் கொடுத்தேன். நல்ல பக்கத்தில் பழுப்பு வரிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. மறுபக்கத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை என்றேன். அடுத்த கட்டையில் அம்புக்குறி போட என்னிடமிருந்து ஒரு சுண்ணாம்புக் கட்டி வாங்கிக்கொண்டு போனான்.