இழுக்காத ஸ்பிரே பெட்டியைச் சரிசெய்தது

மாடல் விமானங்களுக்கு ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் சிறு கருவி) அடிக்கும்போது வரும் புகையை இழுக்க, பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றைப் படுக்க வைத்து, பின்சுவரில் இரண்டு கம்ப்யூட்டர் ஃபேன் பொருத்தியிருந்தேன். சுற்றின, ஆனால் இழுக்கவில்லை. பெயின்ட் புகை என் முகத்துக்கே திரும்பியது. இறக்கையைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு.

டிஷ்யூ காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து டப்பாவின் திறந்த வாய்ப்பக்கம் பிடித்துப் பார்த்தேன். பெயின்ட் துகளைப் பிடிக்கும் ஃபில்டர் இல்லாதபோது உள்பக்கம் சாய்ந்தது. ஃபில்டரை வைத்ததும் அப்படியே தொங்கியது. சரி, தடையைத் தாண்டி இழுக்க அந்த ஃபேன்களுக்குத் தெம்பில்லை.

கணக்குப் போட்டேன். டப்பாவின் வாய் 60க்கு 45 செ.மீ. காற்று விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போக, மணிக்கு சுமார் 490 கன மீட்டர் இழுக்க வேண்டும். அதைவிடக் கூடுதல் திறனுள்ள டக்ட் ஃபேன் (குழாயில் பொருத்தும் ஃபேன்) வாங்கி, குழாயை வளைவில்லாமல் குட்டையாக ஜன்னலுக்கு வெளியே விட்டேன்.

பெரிய பலன் தந்தது வேறொன்று. முன்பு ஃபில்டர் பின்சுவரோடு ஒட்டியிருந்ததால் துளைக்கு நேராக மட்டும் இழுத்தது. இப்போது 5 செ.மீ. இடைவெளி விட்டு, ஓரமெல்லாம் ஃபோம் டேப் ஒட்டினேன். முழுப் பரப்பும் இழுக்கிறது.

லாக்கர் வகைப் பெயின்ட்டை இதில் அடிப்பதில்லை. அதன் ஆவி மோட்டாரின் தீப்பொறியில் தீப்பிடிக்கலாம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மட்டும்தான், அதுவும் மாஸ்க் போட்டுக்கொண்டு. காகிதக் கீற்றை டப்பா வாயின் ஓரத்திலேயே ஒட்டிவிட்டேன். அது தொய்ந்தால் ஃபில்டரை மாற்றுவேன்.