கிரெடிட் கார்டு கடனை செட்டில் செய்யும்போது சறுக்கும் இடங்கள்

"ஒரு லட்சம் பாக்கி, அறுபதாயிரம் கட்டினால் முடித்துவிடலாம்" என்று வங்கியிலிருந்து போன் வந்ததும் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்தில் பலரும் சொல்வது, "அறுப்பு முடிஞ்சதும் கட்டிடறேங்க." என் பார்வையில் பெரிய தவறு இதுதான்.

செட்டில்மெண்டுக்கு வங்கி கெடு வைக்கும். அறுவடைப் பணம் அந்தக் கெடுவுக்குள் வருமென்று யார் சொல்ல முடியும்? தை மாதத்தில் எதிர்பாராத மழை ஒன்று போதும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல் அப்படியே கிடக்கும். ஒரு தவணை தவறினாலும் பெரும்பாலும் பேசிய பேச்சு ரத்து. அதுவரை கட்டியதைப் பாக்கியில் வரவு வைத்துக்கொண்டு, மீதிக்குப் பழையபடி மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போடுவார்கள். அந்த வட்டிக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. எனவே இன்று கையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துப் பேசுங்கள். ஒரே தடவையில் கட்டுகிறேன் என்றால் இன்னும் குறைத்துக் கேட்க இடமிருக்கும்.

அதற்காக மீட்டர் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடாதீர்கள். கார்டு கடனுக்கு அடமானம் கிடையாது. வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பார்.

போனில் சொன்னதை நம்பி ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். தொகை, கடைசித் தேதி, கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், இதோடு கடன் முழுமையாகத் தீர்கிறது என்ற வாசகம், எல்லாம் வங்கியின் கடிதத்தில் இருக்க வேண்டும். வசூலுக்கு வருபவரின் ஜிபே நம்பருக்கு அனுப்பிவிட்டு ரசீதுக்கு அலைவது கொடுமை. கார்டு கணக்கிலேயே நேராகக் கட்டுங்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மிரட்டலுக்குப் பயந்து அவசரப்பட வேண்டாம்.

2021-ல் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானதை நினைத்து இதுவும் ஒருநாள் தள்ளுபடியாகும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தள்ளுபடிக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை.

நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் இந்தக் கணக்கு 'குளோஸ்டு' (முழுதும் கட்டி முடித்தது) என்று வராது, 'செட்டில்டு' (குறைத்துக் கட்டி முடித்தது) என்றுதான் வரும். பல வருஷம் அப்படியே நிற்கும். பிள்ளையின் கல்விக் கடனுக்கு நீங்கள் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடும்போது அது குறுக்கே வரலாம். நாலைந்து மாதம் சேர்த்து முழுத் தொகையும் கட்ட முடியுமென்றால், வட்டியையும் அபராதத்தையும் மட்டும் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாத நிலையில் இருப்பவர்கள் தயங்காமல் செட்டில் செய்யலாம், அதில் அவமானம் எதுவும் இல்லை.

கட்டியபின் பாக்கியில்லாச் சான்று வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையைப் பாருங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம். பாக்கி என்றே காட்டினால் உடனே புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டியது.