ஸ்பேம் ஃபில்டரில் பெர்மிஷன் டினைட் வந்தால் ஃபைலைப் பார்க்காதீர்கள், யூசரைப் பாருங்கள்

மெயில் சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்புவது), அமாவிஸ் (மெயிலைச் சோதனைக்குக் கொடுக்கும் இடைத்தரகர்), ஸ்பேம்அசாசின் (ஸ்பேமைக் கண்டுபிடிப்பது), கிளாம்ஏவி (வைரஸ் ஸ்கேனர்) எல்லாவற்றையும் நிறுவியாயிற்று, ரீஸ்டார்ட் செய்தால் எல்லா சர்வீஸும் பச்சையாக நிற்கிறது, ஆனால் மெயில் லாகில் மட்டும் நடுநடுவே "பெர்மிஷன் டினைட்" (அனுமதி மறுப்பு) என்று ஒரு வரி எட்டிப் பார்க்கிறது. இந்த இடத்தில் பலருடைய கையும் சிஎச்மோட் 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் கட்டளை) பக்கம் போகும். வேண்டாம். அமாவிஸின் தற்காலிக டைரக்டரியில் உங்கள் யூசர்களின் மெயில் அப்படியே முழுசாகக் கிடக்கிறது, அதை சர்வரில் இருக்கிற எல்லா புரோகிராமுக்கும் திறந்துவிடுகிறீர்கள். போதாததற்கு, சில புரோகிராம்கள் 777-ஐப் பார்த்தால் வேலை செய்யவே மறுக்கும். வெளியே போகிற மெயிலில் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் ஓப்பன்டிகேஐஎம் அப்படித்தான்: பிரைவேட் கீயை மற்றவர்கள் படிக்க முடிகிறது என்று தெரிந்தால் கையெழுத்துப் போடாது.

இந்த வகைச் சிக்கலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஃபைலைத் திறக்கப் பார்க்கிறது எந்த யூசர்? அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நான் சொல்வது டெபியன், உபுண்டு லினக்ஸை வைத்து. அங்கே போஸ்ட்ஃபிக்ஸில் மெயிலை வாங்கும் எஸ்எம்டிபிடி ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற யூசராக, அமாவிஸ் ஓடுவது அமாவிஸ் யூசராக, கிளாம்டி (கிளாம்ஏவியின் பின்னணி சர்வீஸ்) ஓடுவது கிளாம்ஏவி யூசராக, ஆர்ஸ்பேம்டி (இன்னொரு ஸ்பேம் ஃபில்டர்) போட்டிருந்தால் அது அண்டர்ஸ்கோர் முன்னால் சேர்ந்த ஆர்ஸ்பேம்டி யூசராக. டவ்காட்டில் (மெயில்பாக்ஸ் சர்வர்) விர்ச்சுவல் யூசர்கள் (சர்வரில் தனி அக்கவுண்ட் இல்லாதவர்கள்) வைத்திருந்தால் மெயில்பாக்ஸ்கள் பெரும்பாலும் விமெயில் என்ற யூசர் பெயரில் இருக்கும். ரெட்ஹேட் பக்கம் கிளாம்டிக்கு யூசர் பெயரே வேறு, அதனால் நெட்டில் கிடைக்கிற கட்டளையை அப்படியே ஒட்டாமல், பிஎஸ் கட்டளையில் (ஓடும் புரோகிராம்களின் பட்டியல்) யூசர் பத்தியைப் பார்த்து உங்கள் மெஷினில் யார் யார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கேயே பலர் வழி தவறுகிறார்கள். அமாவிஸ் ஸ்பேம்அசாசினை ஒரு பெர்ல் லைப்ரரியாகத் தனக்குள்ளேயே கூப்பிட்டுக்கொள்கிறது. ஸ்பேம்அசாசினின் ஸ்பேம்டி என்ற தனி டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) அதற்குத் தேவையே இல்லை. ஸ்பேம்டிக்கு என்ன யூசர், அதன் ஹோம் டைரக்டரி எது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள், அந்தப் பக்கம் ஒரு மெயில்கூடப் போகாது.

சரி, அடிக்கடி வருகிற சிக்கலுக்கு வருவோம், அமாவிஸும் கிளாம்ஏவியும். மெயில் வந்ததும் அமாவிஸ் அதைப் பிரித்து /வார்/லிப்/அமாவிஸ்/டிஎம்பி டைரக்டரிக்குள் போடுகிறது, பிறகு கிளாம்டியின் சாக்கெட் (புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் சிறப்பு ஃபைல்) வழியாக "இந்தப் பாதையில் இருப்பதை ஸ்கேன் செய்" என்று பாதையை மட்டும் சொல்கிறது. ஃபைலைத் திறப்பது கிளாம்டி, அதுவும் கிளாம்ஏவி யூசராக. ஆக இரண்டு அனுமதிகள் வேண்டும்: அமாவிஸுக்கு அந்த சாக்கெட்டில் எழுத அனுமதி, கிளாம்ஏவிக்கு அமாவிஸின் டைரக்டரிக்குள் நுழைந்து படிக்க அனுமதி. லாகில் "யூனிக்ஸ் சாக்கெட்டுக்கு கனெக்ட் ஆக முடியவில்லை" என்ற பொருளில் வந்தால் முதலாவது, "எல்ஸ்டாட் ஃபெயில்ட், பெர்மிஷன் டினைட்" என்று வந்தால் இரண்டாவது.

இரண்டாவதுக்குத் தீர்வு ஒரு வரிதான்: கிளாம்ஏவி யூசரை அமாவிஸ் குரூப்பில் சேர்ப்பது. டெபியனில் ஆட்யூசர் கட்டளைக்குப் பிறகு கிளாம்ஏவி, அமாவிஸ் என்று இரண்டு பெயரையும் அந்த வரிசையில் கொடுத்தால் போதும். யூசர்மோட் பயன்படுத்தினால் கேபிடல் ஜி-யோடு சின்ன ஏ-யும் கட்டாயம் சேருங்கள். அதை விட்டால் அந்த யூசர் ஏற்கெனவே இருந்த மற்ற குரூப்களிலிருந்து கழற்றிவிடப்படுவார், அப்புறம் புதிதாக வேறு எங்கோ உடையும். பழைய குறிப்புகளில் கிளாம்டி கான்ஃபிக்கில் அலவ்சப்ளிமென்டரிகுரூப்ஸ் என்று ஒரு வரி போடச் சொல்வார்கள். 0.100 பதிப்பிலிருந்து அது இயல்பாகவே செயலில் இருக்கிறது, தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டியதில்லை.

சேர்த்தும் வேலை செய்யவில்லையா? கிளாம்டியை ரீஸ்டார்ட் செய்தீர்களா என்று பாருங்கள், ரீலோட் போதாது. ஒரு புராசஸ் எந்தெந்த குரூப்களில் இருக்கிறது என்பது அது தொடங்கும்போதே முடிவாகிவிடுகிறது, நீங்கள் பின்னால் குரூப்பை மாற்றியது ஓடிக்கொண்டிருக்கிற புராசஸுக்குத் தெரியாது. ஐடி கட்டளை ஃபைலில் இருக்கிற புது நிலவரத்தைத்தான் காட்டும், அதனால் அதை நம்பி உட்காராதீர்கள். /புராக் டைரக்டரிக்குக் கீழே கிளாம்டியின் பிஐடி (புராசஸ்) எண்ணுள்ள டைரக்டரிக்குள் ஸ்டேட்டஸ் என்ற ஃபைல் இருக்கும், அதில் குரூப்ஸ் என்ற வரியில் அமாவிஸ் குரூப்பின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் உண்மை.

அதுவும் சரியாக இருந்தால் பாதையைப் பாருங்கள். உள் அறையைத் திறந்து வைத்துவிட்டு வாசல் கதவைப் பூட்டி வைத்தால் விருந்தாளி எப்படி வருவார்? ஃபைலுக்குப் படிக்கும் அனுமதி இருந்தாலும் அதற்கு மேலே இருக்கிற ஒவ்வொரு டைரக்டரியிலும் எக்ஸ் பிட் (நுழையும் அனுமதி) இல்லையென்றால் உள்ளே போக முடியாது. எல்எஸ் போட்டு ஒவ்வொரு படியாகப் பார்ப்பதற்குப் பதில் நேம்ஐ என்ற கட்டளைக்கு -எல் கொடுத்து முழுப் பாதையையும் கொடுங்கள், ரூட்டிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு படியின் ஓனர், குரூப், மோட் எல்லாம் ஒரே பட்டியலாக வரும். எங்கே ஓனருக்கு மட்டும் அனுமதி (700) என்று நிற்கிறதோ அங்கே குரூப்பும் படித்து நுழையும்படி 750 ஆக்குங்கள்.

எதைச் சோதித்தாலும் ரூட்டாகச் சோதிக்காதீர்கள், ரூட்டுக்கு எல்லாமே திறக்கும். சூடோவில் -யூ கிளாம்ஏவி என்று கொடுத்து அந்த யூசராகவே கேட் செய்து பாருங்கள். இந்த யூசர்களில் பலருக்கு லாகின் ஷெல் கிடையாது என்பதால் எஸ்யூ மக்கர் செய்யும், சூடோ செய்யாது.

இன்னொரு ஆபத்து, இது தெரியாமலே மாதக்கணக்கில் ஓடும். கிளாம்டி தோற்றால் அமாவிஸ் சும்மா இருக்காது, "முதன்மை ஸ்கேனர்கள் எல்லாம் தோற்றன, மாற்று ஸ்கேனரைப் பார்க்கிறேன்" என்று லாகில் எழுதிவிட்டு கிளாம்ஸ்கேனைக் கூப்பிடும். கிளாம்ஸ்கேன் அமாவிஸின் பிள்ளைப் புராசஸ் என்பதால் அதற்கு அனுமதிப் பிரச்சினையே வராது, மெயிலும் போய்ச் சேரும். ஆனால் அது ஒவ்வொரு மெயிலுக்கும் வைரஸ் டேட்டாபேஸ் முழுவதையும் புதிதாக மெமரியில் ஏற்றும். சர்வர் திடீரென்று மந்தமாகிவிட்டது, ரேம் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் லாகில் இந்த வரியைத் தேடுங்கள். மாற்று ஸ்கேனரும் இல்லையென்றால் மெயில் போகாமல் கியூவில் தேங்கும், அது ஒரு வகையில் நல்லது, உடனே கண்ணில் படும்.

அடுத்தது பேயஸ், பழைய மெயில்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஸ்பேம்அசாசினின் பகுதி. "ஆயிரக்கணக்கான ஸ்பேமைக் கற்றுக்கொடுத்தேன், ஒன்றும் பிடிக்கவில்லை" என்று புலம்புபவர்களிடம் எஸ்ஏ-லேர்னை (கற்றுக்கொடுக்கும் கட்டளை) எந்த யூசராக ஓட்டினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ரூட் என்பதுதான் பதில். ரூட்டாக ஓட்டினால் அது ரூட்டின் ஹோமில் ஒரு டேட்டாபேஸை உருவாக்கி அதில் கற்றுக்கொள்ளும், மெயிலை எடை போடுகிற அமாவிஸோ தன் ஹோமில் இருக்கிற வேறொன்றைப் பார்க்கும். சூடோவில் -யூ அமாவிஸ், கூடவே கேபிடல் ஹெச் (அது இல்லாவிட்டால் ஹோம் மாறாமல் போகலாம்) கொடுத்து எஸ்ஏ-லேர்ன் டம்ப் மேஜிக்கை (எத்தனை மெயில் கற்றது என்று காட்டும்) ஓட்டிப் பாருங்கள். ஸ்பேம் 200, நல்ல மெயில் 200 இரண்டும் அந்த டேட்டாபேஸில் சேரும் வரை பேயஸ் மார்க் போடவே போடாது. எண்ணிக்கை பூஜ்ஜியம் என்று வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

பேயஸ் பாதையை எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கிறவர்களுக்குச் சிக்கல் வேறு விதம். ரூட்டாக ஒரு தடவை ஓட்டினாலே பேயஸ்_டாக்ஸ், பேயஸ்_சீன், ஜர்னல் ஃபைல்களில் ஏதாவது ஒன்று ரூட் பெயருக்கு மாறிவிடலாம், அதற்குப் பிறகு அமாவிஸால் திறக்க முடியாது. சிஎச்ஓன் (ஓனரை மாற்றும் கட்டளை) செய்து அமாவிஸுக்குத் திருப்பிக் கொடுங்கள், கிரானில் (நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலைகள்) அந்த வேலை எந்த யூசர் பெயரில் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் இன்று ராத்திரியே மறுபடி மாறும். ஸ்பேம் மெயில்கள் விமெயிலின் டைரக்டரியில் இருப்பதால் அமாவிஸால் அவற்றைப் படிக்க முடியாது என்ற தொல்லையும் உண்டு. அமாவிஸை விமெயில் குரூப்பில் சேர்த்து எல்லார் மெயில்பாக்ஸையும் திறந்துவிடுவதைவிட, கற்றுக்கொடுக்க வேண்டியதை மட்டும் ஒரு தனி டைரக்டரிக்குக் காப்பி செய்து ஓனரை மாற்றிக் கொடுப்பது எனக்கு மேலாகப் படுகிறது.

மில்டர் (போஸ்ட்ஃபிக்ஸோடு ஃபில்டரை இணைக்கும் முறை) வழியாக ஆர்ஸ்பேம்டியோ ஓப்பன்டிகேஐஎம்மோ வைத்திருப்பவர்கள் எரர் வாசகத்தை உற்றுப் பாருங்கள். "பெர்மிஷன் டினைட்" என்றால் போஸ்ட்ஃபிக்ஸ் யூசரை அந்தச் சர்வீஸின் குரூப்பில் சேர்த்து போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். "நோ சச் ஃபைல்" என்று வந்து, ஆனால் சாக்கெட் உங்கள் கண்ணெதிரே இருந்தால், அது சிஎச்ரூட்: டெபியனின் பல நிறுவல்களில் எஸ்எம்டிபிடி /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸுக்குள் அடைபட்டு ஓடுகிறது, அதற்கு வெளியே இருக்கிற சாக்கெட் அதற்குத் தெரியாது. ஆர்ஸ்பேம்டி என்றால் லோக்கல்ஹோஸ்ட் 11332 போர்ட்டைக் கொடுத்துவிட்டு இந்தத் தலைவலியையே தவிர்க்கலாம்.

ஓனர், குரூப், மோட் எல்லாம் சரி, சம்பந்தப்பட்ட யூசராக சூடோவில் திறந்தாலும் திறக்கிறது, சர்வீஸ் மட்டும் முடியாது என்கிறதா? அது பெரும்பாலும் ஆப்ஆர்மர், புரோகிராம்களுக்குத் தனிக் கட்டுப்பாடு வைக்கும் பாதுகாப்பு அடுக்கு. ஜர்னல்சிடிஎல்லில் கர்னல் செய்திகளை எடுத்து "டினைட்" என்று தேடுங்கள், எந்தப் பாதை தடுக்கப்பட்டது என்று அப்படியே இருக்கும். ஆப்ஆர்மரை மொத்தமாக அணைக்காமல், அதன் லோக்கல் டைரக்டரியில் கிளாம்டிக்கான ஃபைலில் அந்தப் பாதையைச் சேர்த்து புரொஃபைலை ரீலோட் செய்யுங்கள். ஆப்ஆர்மருக்குப் பதில் எஸ்இலினக்ஸ் இருக்கிற இடத்தில் ஆன்டிவைரஸ்_கேன்_ஸ்கேன்_சிஸ்டம் என்ற பூலியனை (ஆன்-ஆஃப் அமைப்பு) ஆன் செய்வது பெரும்பாலும் போதும்.

கடைசியில் சோதனை. வெளியிலிருந்து ஒரு மெயிலில் ஐகார் வரியை (ஆபத்தில்லாத சோதனை வைரஸ்) வைத்து அனுப்புங்கள், இன்னொன்றில் ஜிடியூப் வரியை (சோதனை ஸ்பேம்). முதலாவது வைரஸ் ஸ்கேனருக்கு, இரண்டாவது ஸ்பேம்அசாசினுக்கு, அது 1000 மார்க் வாங்கும். ஜிடியூப் பிடிபட்டுவிட்டது என்பதற்காக பேயஸும் சரி என்று எண்ண வேண்டாம், அதற்கு டம்ப் மேஜிக்தான். இரண்டும் பிடிபட்ட பிறகு சர்வரை ஒரு தடவை ரீபூட் செய்து திரும்ப அனுப்பிப் பாருங்கள். /ரன் டைரக்டரி மெமரியில் இருப்பது, அதற்குள் நீங்கள் கையால் உருவாக்கிய டைரக்டரியும் போட்ட சிஎச்ஓனும் ரீபூட்டில் காணாமல் போகும். அப்படிப் போனால் அதே டைரக்டரியை, ஓனர், குரூப், மோட் சகிதம், சிஸ்டம்டியின் டிஎம்பிஃபைல்ஸ் கான்ஃபிக்கில் ஒரு வரியாக எழுதி வையுங்கள்.