வீட்டுப் பட்டறைக்கு மல்டி புராசஸ் வெல்டிங் மெஷின்: வாங்கும் முன் டி.பி. பெட்டியைத் திறந்து பாருங்கள்

வெல்டிங் பழக ஆசைப்பட்டுக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனை ஆம்பியர்?" என்றுதான். கடைக்காரரும் பெட்டியில் பெரிதாக அச்சடித்த எண்ணைக் காட்டுவார். 200, 250 என்று இருக்கும். பல சமயம் அது மாடல் பெயர். மெஷின் உண்மையில் தருவது அதைவிடக் குறைவு. முழுதாகவே தந்தாலும் உங்கள் தாமான் வீட்டு வயரிங் அதற்கு ஈடுகொடுக்குமா என்பது வேறு கணக்கு. அதனால் இங்கே மெஷினைப் பார்க்கும் முன் வீட்டைப் பார்க்கிறோம்.

மல்டி புராசஸ் என்றால் ஒரே பெட்டிக்குள் மூன்று நான்கு வேலை. கேஸ் விட்டு வயர் ஓட்டும் மிக், கேஸ் இல்லாமல் ஓடும் ஃப்ளக்ஸ் கோர் வயர், ராடு பிடித்து ஒட்டும் ஸ்டிக், கூடவே டங்ஸ்டன் முனையில் பொறி பிடித்து ஒட்டும் டிக். நான்கும் ஒரே தரத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மலிவு மெஷினில் மிக்கும் ஸ்டிக்கும் உருப்படியாக இருக்கும். டிக் பெரும்பாலும் பேருக்குத்தான்.

படி 1: எதை ஒட்டப் போகிறீர்கள்?

பூந்தொட்டி ஸ்டாண்டு, ஜன்னல் கிரில், கேட் கீல், சாமி மேடைக்கு ஒரு சட்டம். வீட்டு வேலை என்றால் பெரும்பாலும் ஹாலோ பைப்தான். கடையில் 1.6 மில்லி என்று சொல்லித் தருவது வெர்னியரில் 1.4 காட்டுவது சகஜம். அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

மைல்ட் ஸ்டீலை மிக்கில் ஒட்ட, கனம் ஒரு மில்லிக்குச் சுமார் 40 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் தொடங்குவதற்குப் போதும். 1.2 மில்லிக்கு 50, 1.6 மில்லிக்கு 65, 3 மில்லிக்கு 120. இந்தக் கணக்கில் 160ஐத் தாண்டும் வேலை உங்களுக்கு ஆண்டில் எத்தனை முறை வரும் என்று யோசியுங்கள். கேட்டைத் தாங்கும் 6 மில்லி தகடு வந்தால் ஓரத்தைச் சாய்வாகக் கிரைண்ட் செய்து இரண்டு மூன்று ஓட்டமாக நிரப்பலாம். அந்த ஒரு வேலைக்காகப் பெரிய மெஷின் தேவையில்லை.

தைப்பூசத்துக்கு அலுமினியத்தில் காவடிச் சட்டம் செய்யும் எண்ணத்தோடு இதை வாங்குகிறீர்களா? அப்படியானால் இப்போதே நிறுத்திக்கொள்ளுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோல் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தத் தோலை உடைக்க ஏ.சி. கரண்டில் ஓடும் டிக் தேவை. மல்டி புராசஸ் மெஷின்களில் பெரும்பாலானவை டி.சி. மட்டும்தான் தரும். வயர் சுருளைத் தன்னிலேயே தாங்கும் ஸ்பூல் கன் போட்டு மிக்கில் ஒட்டலாம் என்பார்கள். 3 மில்லி அலுமினியத்துக்கு அது சரி, காவடிக்கு எடுக்கும் மெல்லிய குழாய் பொத்துக்கொண்டு போகும். அதே சட்டத்தை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தால் டி.சி. டிக்கும் சுத்த ஆர்கானும் போதும். 1.2 மில்லி குழாய்க்கு 40 ஆம்பியர் அளவில் தொடங்கலாம்.

படி 2: டி.பி. பெட்டி

வீட்டு மின்சாரம் வந்து பிரியும் சுவிட்ச் பெட்டிதான் டி.பி. மூடியை மட்டும் தூக்கிப் பாருங்கள், ஸ்க்ரூ எதையும் கழற்ற வேண்டாம். மெயின் சுவிட்சில் 40 அல்லது 63 என்று இருக்கும். சாக்கெட்டுகளுக்குப் போகும் எம்.சி.பி.யில், அதாவது கரண்டு மீறினால் தானாக விழும் சுவிட்சில், 20 அல்லது 32. எண்ணுக்கு முன்னால் பி அல்லது சி என்ற எழுத்தையும் கவனியுங்கள். பி வகை, தன் அளவைப் போல் 3 முதல் 5 மடங்கு கரண்டு திடீரென்று பாய்ந்தால் உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். இன்வெர்ட்டர் (மின்னணு போர்டில் ஓடும்) மெஷினை ஆன் செய்யும் அந்த நொடியில் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்கள் ஒரு மடக்கு இழுக்கும். 'சுவிட்ச் போட்டாலே ட்ரிப் ஆகிறது, மெஷின் கெட்டுப்போச்சு' என்று கடைக்குத் திரும்பி வருகிற மெஷின்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

அடுத்து சாக்கெட். நம் வீட்டில் இருப்பது 13 ஆம்பியர் சதுர முனை சாக்கெட். 230 வோல்ட்டில் அது தருவது சுமார் 3000 வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு). சாதாரண இன்வெர்ட்டரின் பவர் ஃபேக்டர் (அந்த வி.ஏ.யில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) 0.7, திறன் 80 சதவீதம் என்று எடுத்தால் ஆர்க்குக்கு, அதாவது இரும்பை உருக்கும் மின்பொறிக்கு, வந்து சேர்வது 1700 வாட்டுக்கும் கீழே. அதில் மிக் என்றால் 90 ஆம்பியர், ஸ்டிக் என்றால் 70 முதல் 75, டிக் என்றால் 115. ராடுக்கு ஆர்க் வோல்ட்டேஜ் அதிகம் தேவை, அதனால்தான் அதே சாக்கெட்டில் ஸ்டிக்குக்கு மிகக் குறைவாகக் கிடைக்கிறது. பி.எஃப்.சி. (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் வசதி) உள்ள மெஷின் என்றால் அதே சாக்கெட்டில் மிக் 120 வரை ஏறும். விலை கூடினாலும், வாடகை வீட்டிலோ அடுக்குமாடியிலோ இருக்கிறவர்கள் யோசிக்க வேண்டிய வசதி இது.

"13 ஆம்பியர் பிளக்கில் 200 ஆம்பியர் மெஷினை ஓட்டியிருக்கிறேன், ஃபியூஸ் போகவில்லையே" என்று சொல்வார்கள். போகாதுதான். அந்த ஃபியூஸ் 20 ஆம்பியரைக்கூட நெடுநேரம் தாங்கும். அதற்குள் பிளக்கின் முனையும் சாக்கெட்டின் உள்தகடும் சூடேறிவிடும். அரை மணி நேரம் வெல்டிங் செய்தபின் பிளக்கைப் பிடுங்கி முனையைத் தொடாமல், பிளாஸ்டிக்கை மட்டும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, லேசான பழுப்பு நிறம், கருகிய வாசம், இதில் ஒன்று தெரிந்தாலும் அந்தச் சாக்கெட்டில் இனி ஓட்டக்கூடாது.

சொந்த வீடு என்றால் போர்ச்சுக்குத் தனி லைன் இழுத்துவிடுங்கள்: சி வகை 32 ஆம்பியர் எம்.சி.பி., 6 சதுர மில்லி கேபிள், முடிவில் நீல நிற 32 ஆம்பியர் தொழிற்சாலை சாக்கெட். இதை சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிந்த வயர்மேன்தான் செய்ய வேண்டும். மெயின் 40 ஆம்பியர் மட்டும் என்றால், வெல்டிங் நேரத்தில் ஏர்கோனும் வாட்டர் ஹீட்டரும் ஓடக்கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

படி 3: முதுகுத் தகட்டைப் படிப்பது

மெஷினின் பின்புறமோ அடியிலோ ஒரு தகடு ஒட்டியிருக்கும். கடையில் போன் டார்ச்சை அடித்து நிதானமாகப் படியுங்கள். தகடே இல்லாத மெஷினைத் தொடவே வேண்டாம்.

எக்ஸ் (X) என்று இருப்பது டியூட்டி சைக்கிள். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் வெல்டிங் செய்யலாம் என்ற கணக்கு. 200 ஆம்பியருக்கு 25 சதவீதம் என்றால் இரண்டரை நிமிடம் ஓட்டம், ஏழரை நிமிடம் ஓய்வு. அதே மெஷின் 60 சதவீதத்தில் சுமார் 130 ஆம்பியர், 100 சதவீதத்தில் 100 ஆம்பியர் தரும். உங்கள் 3 மில்லி வேலை 120 என்று படி 1இல் எழுதினோம் அல்லவா? ஆக இந்த மெஷின் தாராளமாகப் போதும். அளவீடு 40 டிகிரி வெப்பத்தில் எடுத்ததா என்றும் பாருங்கள். 20 அல்லது 25 டிகிரியில் அளந்த எண் காகிதத்தில் அழகாக இருக்கும். தகரக் கூரை போட்ட போர்ச்சில் மதியம் இரண்டு மணிக்கு அது நிற்காது.

ஐ1 மேக்ஸ் (I1max), ஐ1 எஃப் (I1eff) என்று இரண்டு எண்கள் பக்கத்தில் இருக்கும். முதலாவது, முழு வேகத்தில் வீட்டிலிருந்து இழுக்கும் கரண்டு. இரண்டாவது, ஓய்வு நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட கரண்டு, கேபிளும் எம்.சி.பி.யும் இதற்குத்தான் ஈடாக இருக்க வேண்டும். ஐ1 மேக்ஸை டியூட்டி சைக்கிளின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கிட்டத்தட்ட இந்த எண் வந்துவிடும். 37 ஆம்பியர் மேக்ஸ், 25 சதவீதம்: 37ஐ 0.5ஆல் பெருக்க 18.5. தகட்டில் 12 என்று போட்டிருந்தால் ஏதோ ஒரு எண் பொய். கடைக்காரர் முன்னாலேயே போனில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், தவறில்லை.

ஐ.பி. என்பது தூசு, நீர்த் தடுப்பின் அளவு. ஐ.பி.21 என்று இருந்தால் மேலிருந்து நேராகச் சொட்டும் நீரை மட்டும் தாங்கும். பினாங்கு மழை நேராகவா பெய்கிறது? சாரல் அடிக்கும் போர்ச் என்றால் ஐ.பி.23 தேடுங்கள். அப்போதும் ஈரத் தரையில் நின்று வெல்டிங் செய்யக்கூடாது.

படி 4: பக்கக் கதவைத் திறந்து பார்ப்பது

200 மில்லி விட்டமுள்ள 5 கிலோ வயர் சுருள் உள்ளே உட்காருமா? 1 கிலோ சுருள் மட்டும் பிடிக்கும் மெஷினில் கிலோ கணக்கில் வயருக்கு அதிகம் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

பொலாரிட்டி மாற்றும் வசதி இருக்கிறதா? கேஸோடு ஓடும் கெட்டி வயருக்கு டார்ச் (கையில் பிடிக்கும் வெல்டிங் துப்பாக்கி) பாசிட்டிவ். கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கோருக்கு டார்ச் நெகட்டிவ். மாற்ற மறந்தால் ஃப்ளக்ஸ் கோர் பொரிப்பொரியாகத் தெறித்து, ஒட்டின இடம் ஆப்பம் போலத் துளை துளையாக வரும்.

டார்ச் கழற்றி மாட்டும் யூரோ கனெக்டரில் இருக்கட்டும். எம்.பி.15 வகை என்றால் டிப்பும் (வயர் வெளிவரும் முனை) நாஸலும் (கேஸ் வெளிவரும் குழல்) எளிதாகக் கிடைக்கும். மெஷினோடு நிரந்தரமாகப் பிணைத்த டார்ச் பழுதானால் மெஷினே படுத்துவிடும்.

வயரைத் தள்ளும் ரோலரில் 0.6/0.8 மில்லி வயருக்கான வி வடிவப் பள்ளம் இருக்க வேண்டும். ஃப்ளக்ஸ் கோருக்குப் பல் வெட்டின ரோலர் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

படி 5: கேஸ்

மெஷின் விலையோடு சிலிண்டர், ரெகுலேட்டர் செலவையும் சேர்த்துப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு மலிவு, நன்றாக ஊடுருவும், தெறிப்பு அதிகம். 80 சதவீத ஆர்கான் கலந்த கேஸ் மெல்லிய ஹாலோவுக்குச் சுகம். டிக்குக்குச் சுத்த ஆர்கான் மட்டுமே. மெஷினோடு வரும் ரெகுலேட்டரின் மரை உங்கள் சிலிண்டருக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதம் இல்லை. கேஸ் கடையில் மாட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். 0.8 மில்லி வயருக்கு நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் போதும். மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேஸைக் கூட்டுவது வீண். காற்று வீசும் போர்ச்சில் ஃப்ளக்ஸ் கோருக்கு மாறிவிடுவதுதான் நல்லது. முதல் மூன்று மாதம் சிலிண்டரே வாங்காமல் அதிலேயே பழகுவதிலும் குறைவில்லை.

படி 6: கடையிலேயே ஓட்டிப் பார்ப்பது

லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் பழசு வாங்கினாலும் சரி, பட்டர்வொர்த் கடையில் புதுசு வாங்கினாலும் சரி, 1.6 மில்லி ஹாலோவில் இரண்டு துண்டு, 3 மில்லி பட்டையில் இரண்டு துண்டு கையோடு கொண்டு போங்கள்.

முதலில் பட்டையை டி வடிவில் நிறுத்தி, 0.8 வயரில் 120 ஆம்பியர், கலப்பு கேஸ் என்றால் 19 வோல்ட் அளவில் ஒரு ஓட்டம் ஓட்டச் சொல்லுங்கள். சத்தத்தைக் கேளுங்கள். சூடான எண்ணெயில் அப்பளம் போட்டது போல இடைவிடாமல் பொரிய வேண்டும். டப் டப்பென்று வெடித்து, வயர் டார்ச்சைப் பின்னுக்குத் தள்ளினால் வோல்ட் குறைவு. வோல்ட்டைக் கூட்டியும் அது தீராவிட்டால் மெஷினில்தான் கோளாறு. பிறகு அந்தத் துண்டைக் குறுக்கே அறுத்து மூலையைப் பாருங்கள். இரண்டு தகடும் சேரும் கோடு வெல்டுக்கு அடியில் கறுப்பாகத் தெரிந்தால் உள்ளே ஒட்டவில்லை.

அடுத்து ஹாலோவில் 60 ஆம்பியர். மலிவு மெஷின்கள் தடுமாறுவது இந்தக் கீழ்ப்பகுதியில்தான், உங்கள் வேலையில் பாதி நடப்பதும் இங்கேதான். ஆர்க் அணைந்து அணைந்து எரிந்தால் வேண்டாம்.

கடைசியாக ஸ்டிக்: 2.6 மில்லி இ6013 ராடு, 80 ஆம்பியர், ஒரு ராடு முழுவதும். தொட்டதும் ஒட்டிக்கொள்ளக்கூடாது. இ7018 ராடும் ஓட்டும் எண்ணம் இருந்தால் அதையும் பரீட்சித்துப் பாருங்கள், அது மெஷினின் வோல்ட்டேஜை இன்னும் சோதிக்கும்.

படி 7: வீட்டில் முதல் வாரம்

ரோலர் அழுத்தத்தைச் சரிசெய்ய, டார்ச்சிலிருந்து வரும் வயரை இரண்டு அங்குலத் தூரத்தில் ஒரு கட்டையில் முட்டவிடுங்கள். வயர் வளைந்துகொண்டு போனால் சரி. நின்றுவிட்டால் திருகைக் கொஞ்சம் இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால், டிப் அடைத்த நேரத்தில் வயர் ரோலருக்குப் பக்கத்தில் சுருண்டு சிக்குப் பிடித்துக்கொள்ளும்.

பெட்டியோடு வரும் எர்த் கிளாம்ப் மெலிதாக இருந்தால் மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டுமென்றால் 2.5 சதுர மில்லி, முழுதாக விரித்து. 1.5 சதுர மில்லியில் 20 மீட்டர் இழுத்து 25 ஆம்பியர் ஓட்டினால் வழியிலேயே 12 வோல்ட் கரைந்துவிடும்.

ஜி.ஐ. ஹாலோ என்றால் ஒட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் துத்தநாகப் பூச்சைக் கிரைண்ட் செய்து எடுங்கள். அந்தப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகை ராத்திரியில் காய்ச்சலாக வந்து நிற்கும்.

கிரைண்டரை மெஷினுக்குப் பக்கத்தில் ஓட்டாதீர்கள். இரும்புத் தூளை உள்விசிறி உறிஞ்சி போர்டில் கொட்டும். வேலை முடிந்ததும் விசிறியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடு ஆறிய பிறகு பிளக்கைப் பிடுங்கித் துணிப்பை போட்டு மூடுங்கள். வயர் சுருளைக் கழற்றி மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள், கடல் காற்றில் இரண்டு வாரத்தில் துரு ஏறிவிடும். மூடாமல் விட்ட மெஷினுக்குள் கதகதப்புக்குப் பல்லி போய்ப் படுக்கும். அடுத்த தடவை சுவிட்ச் போடும்போது பல்லியோடு போர்டும் போய்விடும்.