கொழும்பில் தொடர்மாடி வடிகால்: வரைபடத்திலேயே பிடிக்க வேண்டிய தவறுகள்

மூட்டில் ஒழுகுவது, சேம்பர் மூடி உடைவது எல்லாவற்றையும் மேசன் பாஸே பார்த்துத் திருத்திவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன். இது வரைபடத்தைச் சரிபார்க்க உட்காரும் இளம் பொறியியலாளர்களுக்கு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புதிய தொடர்மாடி எழும்பும்போதெல்லாம் அதே ஆறு பிழைகள் திரும்ப வருகின்றன. அதில் ஒன்று மட்டும் கட்டடம் நிற்கும் காலம் முழுவதும் காசு கேட்கும்.

வீதி மேன்ஹோலின் அடிமட்டத்தை அளக்காமல் தரைமட்டத்தை முடிவு செய்வது

"மேன்ஹோல் ஆழம் 1,200 மி.மீ., போதும்" என்று ஒரு குறிப்பு எழுதப்பட்டிருக்கும். எதிலிருந்து 1,200? வீதியிலுள்ள மூடியிலிருந்து. காணி வீதியைவிட 300 மி.மீ. தாழ்வாக இருந்தால், காணியிலிருந்து பார்க்கும்போது ஆழம் 900 மட்டுமே. வீதிக்குக் காபெட் போடப் போட இந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போகும்.

ஒடுங்கிய நீளக் காணி, பன்னிரண்டு வீடுகள், கழிவறைகள் பின்பக்கம் என்று வையுங்கள். பின்சேம்பரில் குழாயின் அடி, நிலத்திலிருந்து 450 மி.மீ. ஆழத்தில் தொடங்குகிறது. வீதிவரை 36 மீற்றர். 110 மி.மீ. பீவீசி குழாய்க்கு 60க்கு 1 சரிவு கொடுத்தால் 600 மி.மீ. இறக்கம். இடையில் நான்கு சேம்பர், ஒவ்வொன்றிலும் 20 மி.மீ. இறக்கமாக 80. மொத்தம் 1,130. இதோடு முடியவில்லை. வீதியில் போவது 225 மி.மீ. குழாய் என்றால் நம்முடைய குழாயை அதன் அடியோடு சேர்க்கக்கூடாது. இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் வரவேண்டும். இல்லாவிட்டால் பெரிய குழாய் பாதி நிறைந்தாலே அழுக்குநீர் நம் பக்கம் தேங்கும். இருக்கும் 900இல் அதற்குச் சுமார் 115 (225இல் 110 போக) போனால் கையில் மிஞ்சுவது 785. ஆக 345 மி.மீ. குறைகிறது.

இதைக் கடதாசியில் கண்டுபிடித்தால் மருந்து எளிது. பன்னிரண்டு வீடுகளின் கழிவு ஒரே குழாயில் சேர்வதால் 160 மி.மீ. குழாயை 100க்கு 1 சரிவில் விடலாம்; இறக்கம் 360 ஆகிவிடும், மேல்விளிம்புக் கணக்கும் 65 ஆகக் குறையும். தேவை 890, இருப்பது 835. குறையும் 55ஐப் பின்முற்றத்தை 100 மி.மீ. உயர்த்தியே சரிக்கட்டலாம். கழிவறைகளை முன்பக்கம் கொண்டுவர முடிந்தால் அதைவிட நல்லது.

தரை கொன்கிரீட் போட்டபின் தெரிந்தால் கழிவுநீர்ச் சம்ப், அதாவது கழிவைச் சேர்த்துப் பம்மால் மேலேற்றும் குழி, ஒன்றே வழி. மாறிமாறி ஓட இரண்டு பம், மிதவை சுவிட்சுகள், எச்சரிக்கை மணி, காற்றுக்குழாய், கரண்ட் நின்றால் ஜெனரேட்டர். ஒரு பம் பழுதானால் திருத்தும்வரை முழுக் கட்டடமும் மற்றதை நம்பியிருக்கும். அரைமணி நேர அளவை வேலையைச் செய்யாததற்கு, வரைபடம் போட்டவர் அல்ல, அங்கே குடியிருப்பவர்கள் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். இதை என்னால் சாதாரணப் பிழையாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

அளப்பது இப்படி: மாநகர சபையின் அனுமதியோடு, இணைக்கப் போகும் மேன்ஹோலையும் அதற்கு அடுத்ததையும் திறவுங்கள். உள்ளே இறங்கவே வேண்டாம், நச்சுவாயு இருக்கும். மேலிருந்தே லெவல் கோலை ஓடையின் அடிவரை விட்டு வாசியுங்கள். வீதி, காணி, தரை எல்லாவற்றையும் ஒரே தற்காலிக மட்டக்குறியிலிருந்து (அசையாத ஓர் அடையாளப் புள்ளி) எடுங்கள். சுவரில் அழுக்குக் கோடு தெரிந்தால் அதன் மட்டத்தையும் குறியுங்கள். முன்பு கழிவுநீர் அதுவரை ஏறியிருக்கிறது.

மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடுவது

கொழும்பில் இரண்டும் தனித்தனி வழி. கழிவுநீர் வெள்ளவத்தை, முகத்துவாரம் கடல்வெளியேற்றங்களுக்குப் போகிறது. மழைநீர் கான்களுக்கும் கால்வாய்களுக்கும் போகவேண்டும். பன்னிரண்டு பேர்ச், அதாவது ஏறக்குறைய 300 சதுர மீற்றர் மொட்டை மாடியில் மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால் செக்கனுக்கு 8.3 லீற்றர். 60க்கு 1 சரிவிலுள்ள 110 குழாய் வாய்நிறைய ஓடினாலும் ஏறத்தாழ அவ்வளவுதான் கொள்ளும். பிறகு கழிவுக்கு இடமேது? முதலில் குமிழிவிடுவது கீழ்மாடிக் கழிவறைதான்.

நொன்-ரிட்டர்ன் வால்வு போட்டால் போதும் என்பது

இது நீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு. வெளிநீர் வராது. மூடியிருக்கும்வரை உங்கள் கழிவும் போகாது.

நிலக்கீழ்த் தண்ணீர்த் தாங்கியை நிறைந்த நிலையில் மட்டும் கணக்கிடுவது

கழுவுவதற்காகத் தாங்கியை வெறுமையாக்கும் நாளில்தான் ஆபத்து. நிலத்தடி நீர் தாங்கியின் அடியிலிருந்து 1.5 மீற்றர் மேலே நின்றால் சதுர மீற்றருக்கு 15 கிலோநியூட்டன் மேல்நோக்கித் தள்ளும். அதை எடையால் அடக்க 600 மி.மீ.க்கு மேல் தடித்த கொன்கிரீட் வேண்டும். சுவரின் எடையையும், அடித்தளத்தை வெளியே நீட்டி அதன்மேல் நிற்கும் மண்ணின் எடையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

ஊறுகுழிக்குப் பெப்ரவரியில் நீர்மட்டம் பார்ப்பது

வறண்ட மாதத்தில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும். ஒக்டோபர், நவம்பர் மழையில் திரும்பப் பாருங்கள்.

தரைவளையில் ஸ்லீவ் விடாதது

குழாய் நுழைய வளைக்குள் முன்கூட்டியே வைக்கும் பெரிய உறைக்குழாய்தான் ஸ்லீவ். 110 குழாய்க்கு 160 ஸ்லீவ், கம்பி கட்டும்போதே.